ஓஎல்இடியா, எல்சிடியா? தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிவி மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். தருமபுரி டவுன், பாலக்கோடு, அரூர், காவேரிப்பட்டணம், சில நேரம் ஓசூர் வரை போய் வருகிறேன். முன்பெல்லாம் டிவி கெட்டுப்போன பிறகுதான் கூப்பிடுவார்கள். இப்போது வாங்கும் முன்பே போன் போட்டுக் கேட்கிறார்கள். கேட்கும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். எந்த பிராண்டுக்கும் நான் ஆள் இல்லை.

கடையில் எல்லா டிவியிலும் எல்இடி என்றுதான் போட்டிருக்கிறது. இதில் எல்சிடி எங்கே வந்தது?

எல்இடி டிவி என்று விற்பதெல்லாம் எல்சிடி டிவிதான். எல்சிடி திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னால் விளக்கு எரியும். முன்னால் உள்ள திரவப் படிகம் அந்த வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி மறைத்தும் விட்டும் படமாக்கும். ஆரம்பத்தில் அந்த விளக்கு மெல்லிய டியூப்லைட்டாக இருந்தது, அப்புறம் எல்இடி ஆனது. ஜன்னல் திரைச்சீலையை எவ்வளவு இழுத்து மூடினாலும் ஓரத்தில் வெயில் கசிகிற மாதிரி, எல்சிடி முழுக்க மூடினாலும் கொஞ்சம் வெளிச்சம் கசியும். கறுப்பு நிறம் அதில் சாம்பலாகத் தெரிவது இதனால்தான்.

ஓஎல்இடியில் பின்விளக்கே இல்லை. 4கே திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தானே எரிந்து தானே அணையும். கறுப்பு வேண்டிய இடத்தில் புள்ளி அணைந்தே போய்விடும். ஆனால் எரிகிற பொருள் கரிமச் சேர்மம். எரிய எரியக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். கீழே வரும் பதில்களில் பாதி இந்தக் கறுப்பையும் இந்தத் தேய்மானத்தையும் பற்றியவைதான்.

கியூஎல்இடி, மினி எல்இடி, கியூடி ஓஎல்இடி... இதெல்லாம் என்ன?

முதல் இரண்டும் எல்சிடி. கியூஎல்இடியில் பின்விளக்கோடு குவாண்டம் டாட் எனும் நுண்துகள் படலம் ஒன்று சேரும். நிறம் பளிச்சென்று வரும், கறுப்பு பழைய கறுப்புதான். மினி எல்இடியில் பின்விளக்குகள் பொடிப்பொடியாக நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருக்கும். படத்தில் இருட்டான பகுதிக்குப் பின்னால் உள்ளதை மட்டும் மங்கலாக்கவோ அணைக்கவோ முடியும். இதற்குத்தான் லோக்கல் டிம்மிங் என்று பெயர், பகுதிக்கு ஸோன் என்று பெயர். நல்ல மினி எல்இடி, ஓஎல்இடிக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடும். பகுதிகள் குறைவாக இருந்தால் இருட்டு வானத்தில் நிலா வரும்போது அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு வட்டம் படரும். கடையில் "லோக்கல் டிம்மிங் எத்தனை ஸோன்?" என்று கேளுங்கள். பதில் வராமல் பேச்சு ரிமோட்டைப் பற்றித் திரும்பினால், அந்த மாடலில் அது இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கியூடி ஓஎல்இடி மட்டும் நிஜமான ஓஎல்இடி. 2022இல் சாம்சங்கும் சோனியும் கொண்டுவந்தன.

எங்கள் ஹாலில் பகலெல்லாம் வாசல் திறந்தே இருக்கும். ஓஎல்இடி சரிப்படுமா?

பெரும்பாலும் சரிப்படாது. இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஆனால் யாரும் பார்ப்பதில்லை.

நம் பக்கத்து வீடுகளில் வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஷோகேஸ், அதில் டிவி. கீழே பளபளக்கும் கிரானைட் தரை. நம் இரண்டு மாவட்டத்திலும் அதற்குப் பஞ்சமே இல்லை. மதியத்துக்கு மேல் வாசல் வெயில் தரையில் பட்டு அப்படியே திரையில் ஏறும். ஓஎல்இடி திரைகள் பெரும்பாலும் பளபளப்பானவை. இரவுக் காட்சி வந்தால் கதாநாயகன் முகம் தெரியாது, வாசலில் நிறுத்திய பைக்தான் தெரியும். கியூடி ஓஎல்இடியாக இருந்தால் இன்னொரு வினோதம்: வெளிச்சமான அறையில் அதன் கறுப்பே லேசாக ஊதா கலந்த சாம்பலாக மாறும். எந்தக் கறுப்புக்காக லட்சம் ரூபாய் கொடுத்தீர்களோ அதுவே காணாமல் போகும். மேட் பூச்சு போட்ட சில விலை உயர்ந்த மாடல்கள் இந்தப் பிரதிபலிப்பைக் குறைக்கின்றன, ஆனால் அவை நம் ஊர்க் கடைகளில் கண்ணில் படுவது அபூர்வம்.

வெளிச்ச அளவும் ஒரு காரணம். ஓஎல்இடி சின்ன இடத்தில் 1,000 நிட்ஸை (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டும். திரை முழுக்க வெள்ளை வந்தால் 200, 300 அளவுக்குத் தானாகவே இறங்கிவிடும். சூடும் தேய்மானமும் ஏறாமல் இருக்க டிவியே செய்துகொள்கிற ஏற்பாடு அது. நல்ல மினி எல்இடி முழுத்திரையிலும் அதைவிடப் பிரகாசமாக நிற்கும்.

பகல் பார்வைதான் அதிகம் என்றால் எல்சிடி எடுங்கள். பணம் இருந்தால் மினி எல்இடி. அதற்கும் முன்னால், டிவியைப் பக்கச் சுவருக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். ஒரு பிளக் பாயின்ட்டும் கொஞ்சம் வயரும்தான் செலவு. டிவியை மாற்றுவதைவிடச் சுவரை மாற்றியே பல வீடுகளில் படம் நன்றாகியிருக்கிறது.

வீட்டில் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து பார்ப்போம். பக்கவாட்டில் படம் வெளுக்குமா?

எல்சிடியில் இரண்டு வகைப் பேனல் உண்டு. விஏ பேனலில் நேராகப் பார்த்தால் கறுப்பு நன்றாக இருக்கும், பக்கவாட்டில் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் பேனலில் பக்கவாட்டிலும் படம் சரியாகத் தெரியும், கறுப்புதான் சுமார். அப்பா கட்டிலில், பிள்ளைகள் தரையில், அம்மா சமையலறை நிலைப்படி ஓரம் என்று சிதறி உட்காருகிற வீட்டுக்கு ஐபிஎஸ் ஏற்றது. ஓஎல்இடியில் இந்தப் பிரச்சினையே கிடையாது, எங்கிருந்து பார்த்தாலும் நன்றாக இருக்கும். உயரமாக மாட்டினால் கீழிருந்து பார்க்கும்போதும் விஏ வெளுக்கும். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஏற்றிவைக்கச் சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அம்மாவுக்கு நாள் முழுக்க சீரியல், அப்பாவுக்கு செய்தி சேனல். ஓஎல்இடியில் தழும்பு விழும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஆனால் பயமுறுத்துகிற அளவுக்கு எல்லோருக்கும் அல்ல.

சேனல் லோகோ மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறது. அந்த இடத்துப் புள்ளிகள் மற்றவற்றைவிட அதிகம் உழைக்கின்றன, அதனால் சீக்கிரம் தேய்கின்றன. பின்னால் வேறு படம் ஓடும்போது அந்த மூலையில் லோகோவின் நிழல் மட்டும் தங்கிவிடும். தமிழ்ச் செய்தி சேனல்களைக் கவனித்திருப்பீர்கள்: மூலையில் லோகோ, கீழே சிவப்புப் பட்டை, அதற்கும் கீழே ஓடும் எழுத்து. எழுத்து நகர்ந்துகொண்டிருந்தாலும் பட்டை நகர்வதில்லை. அப்பா சேனலைப் போட்டுவிட்டுத் தூங்கிப் போனால் பட்டைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதல் வேலை.

இதைத் தடுக்க டிவியிலேயே சில ஏற்பாடுகள் இருக்கின்றன. படத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் சில புள்ளிகள் நகர்த்தும். அசையாத லோகோவை மங்கலாக்கும். இன்று ஒரு படம், நாளை கிரிக்கெட், நடுவில் சீரியல், யூடியூப் என்று கலந்து பார்க்கிற வீட்டில் பல வருடம் ஒன்றும் ஆகாது. ஒரே சேனல், தினமும் ஆறேழு மணி நேரம், பிரைட்னஸ் உச்சத்தில் என்றால் ஓஎல்இடி வேண்டாம். வாரண்டி அட்டையையும் படித்துப் பாருங்கள். திரைத் தழும்பு அதில் அடங்காது என்று பல நிறுவனங்கள் எழுதியே வைத்திருக்கின்றன. எல்சிடியில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை.

ராத்திரி படுக்கும்போது சுவர் ஸ்விட்சை அணைத்துவிடுவோம். அதனால் என்ன?

எல்சிடிக்கு ஒன்றும் இல்லை. ஓஎல்இடிக்கு நிறைய இருக்கிறது. கடையில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

ஓஎல்இடி டிவி ரிமோட்டில் அணைத்த பிறகுதான் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வேலையைத் தொடங்கும். எல்ஜி டிவிகளில் மொத்தம் 4 மணி நேரம் ஓடியிருந்தால், அணைத்ததும் சில நிமிடம் பேனலைச் சோதித்து, புள்ளிகளுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வைச் சமன் செய்யும். 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை சுமார் ஒரு மணி நேரம் பெரிய அளவில் செய்யும். தினம் 5 மணி நேரம் பார்க்கிற வீட்டில் அது ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல். திரை கறுப்பாகத்தான் இருக்கும், உள்ளே வேலை நடக்கும். ரிமோட்டில் அணைத்த கையோடு சுவர் ஸ்விட்சையும் தட்டினால் அந்த வேலை நடக்காது. தினமும் அப்படியே செய்தால் தழும்பை நாமே வரவழைத்த மாதிரி.

நம் வீடுகளில் பெரியவர்களுக்கு இது ஒப்பாது. "சிவப்பு லைட் எரியுது, கரண்ட் போகுது" என்று எழுந்து வந்து அணைப்பார்கள். ஸ்டாண்ட்பையில் டிவி எடுப்பது பெரும்பாலும் அரை வாட், ஒரு வாட். மாதம் முழுக்க விட்டாலும் ஒரு யூனிட் ஆகாது. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் கரண்ட் நிறுத்துவதால் ஒன்றும் கெடாது. ஒரு நாள், இரண்டு நாள் தவறினாலும் அடுத்த முறை டிவி பிடித்துக்கொள்ளும். பழக்கமாகத் தவறுவதுதான் பிரச்சினை. ஸ்விட்ச் போர்டில் பேப்பர் ஒட்டியும் மாமனார் கேட்கவில்லை என்றால் எல்சிடியே வாங்கிவிடுங்கள். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் ராத்திரியில் மட்டும்தான் படம் பார்ப்பேன், லைட்டை அணைத்துவிட்டு. எனக்கு?

ஓஎல்இடி. யோசிக்கவே வேண்டாம்.

நம் படங்கள் பெரும்பாலும் சினிமாஸ்கோப்பில் எடுக்கப்படுகின்றன. டிவியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். சாதாரண எல்சிடியில் இருட்டறையில் அந்தப் பட்டைகள் சாம்பலாக ஒளிர்ந்து கண்ணை இழுக்கும். ஓஎல்இடியில் பட்டை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. மழை இரவில் தெருவிளக்கு மட்டும் எரிகிற காட்சி வந்தால், நனைந்த சட்டையின் மடிப்புகூட இருட்டுக்குள் தனியாகத் தெரியும்.

ஒரு குறை உண்டு. சினிமா வினாடிக்கு 24 பிரேம். ஓஎல்இடி புள்ளிகள் கண் மூடித் திறப்பதற்குள் மாறிவிடுவதால், கேமரா பக்கவாட்டில் மெதுவாக நகரும்போது படம் விட்டு விட்டு நகர்வது போலத் தோன்றலாம். பிரேம்களுக்கு நடுவே டிவியே படம் சேர்த்து அசைவை வழுவழுப்பாக்கும் மோஷன் செட்டிங்கை மிகக் குறைந்த அளவில் வைத்தால் போதும். உச்சத்தில் வைத்தால் சினிமா சீரியல் மாதிரி ஆகிவிடும்.

காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்யும் டால்பி விஷன் வேண்டும் என்றால் சாம்சங் டிவிகளில் அது கிடையாது, அதே மாதிரியான எச்டிஆர்10 பிளஸ்தான்.

கிரிக்கெட்டுக்கு எது?

பகல் மேட்சை வெளிச்சமான ஹாலில் கூட்டமாகப் பார்ப்பதென்றால் பிரகாசமான எல்சிடி. பந்து வேகமாகப் போகும்போது மலிவான எல்சிடியில் வால் இழுக்கும். வினாடிக்கு 120 முறை படம் மாற்றும் 120 ஹெர்ட்ஸ் பேனல் என்றால் குறையும். ராத்திரி ஐபிஎல்லுக்கு ஓஎல்இடி அருமை. ஸ்கோர் பட்டையை நினைத்துக் கவலைப்படத் தேவையில்லை. சீசன் முடிந்தால் அது போய்விடும், செய்திப் பட்டை மாதிரி வருடம் முழுக்க நிற்காது.

பையன் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5 கேம் பெட்டி) கேட்கிறான்.

டிவியில் எச்டிஎம்ஐ 2.1 போர்ட்டும் 4கே 120 ஹெர்ட்ஸும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் ஓஎல்இடியில் விளையாட்டு அற்புதமாக இருக்கும். தினமும் ஒரே கேமை மணிக்கணக்கில் ஆடுவான் என்றால் மூலையில் நிற்கும் மேப்பும் லோகோ மாதிரியே தழும்பு போடும்.

லட்சம் ரூபாய் டிவி வாங்கியும் கேபிளில் படம் மங்கலாக வருகிறதே?

டிவி மேல் தப்பில்லை. செட்டாப் பாக்ஸில் வருகிற சாதாரண எஸ்டி சேனலில் 576 வரிகள்தான். 4கே திரையில் 2,160 வரிகள். மீதியை டிவி தானாக ஊகித்து நிரப்ப வேண்டும். திரை பெரிதாகப் பெரிதாக ஓட்டை பெரிதாகத் தெரியும். அரசு கேபிளோ தனியார் கேபிளோ, எஸ்டி சேனல்தான் முக்கால்வாசி நேரம் ஓடும் என்றால் ஓஎல்இடிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் கண்ணுக்குத் தெரியாது. 43 இன்ச் எல்சிடி வாங்கிக்கொண்டு, மிச்சப்படும் பணத்தில் எச்டி பாக்ஸுக்கு மாறுங்கள். ஓடிடியில் 4கே பார்க்க 15 முதல் 25 எம்பிபிஎஸ் வேகமாவது நிலையாக வர வேண்டும். பைபர் வராத கிராமத்தில் மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி ஓஎல்இடி வாங்கியவர்களைப் பார்க்கையில் எனக்கே பாவமாக இருக்கும்.

எங்கள் ஷோகேஸில் எத்தனை இன்ச் பிடிக்கும்?

பழைய வீடுகளில் சிமென்ட் ஷோகேஸைப் பெட்டி டிவிக்காகக் கட்டினார்கள். 2006இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த 14 இன்ச் கலர் டிவி கச்சிதமாக உட்கார்ந்த இடத்தில் இன்று 43 இன்ச்சைத் திணிக்கப் பார்க்கிறோம். 43 இன்ச் டிவியின் அகலம் சுமார் 96 சென்டிமீட்டர்; 55 இன்ச் என்றால் 4 அடிக்குக் கொஞ்சம் மேல்; 65 இன்ச் என்றால் 145 சென்டிமீட்டரை ஒட்டி. டேப் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். காற்றுப் போக இரண்டு பக்கமும் நாலு விரல் இடைவெளி வேண்டும்.

ஓஎல்இடியில் 32, 43 இன்ச் டிவி கிடையாது. 42, 48 உண்டு, ஆனால் விலை 55 இன்ச்சுக்குப் பக்கத்திலேயே நிற்கும். 55 இன்ச்சுக்கு ஏழடி தூரம், 65 இன்ச்சுக்கு எட்டரை அடி தூரத்தில் உட்கார்ந்தால் சினிமா பார்க்க நன்றாக இருக்கும்.

விலை எவ்வளவு வித்தியாசம்?

55 இன்ச் ஓஎல்இடி பெரும்பாலும் ஒரு லட்சத்தை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். அதே அளவு சாதாரண 4கே எல்சிடி அதில் பாதிக்கும் குறைவு. மினி எல்இடி இடையில் நிற்கும். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. பழைய விலைப் பட்டியலைக் காட்டி "தள்ளுபடி" என்றால் ஏமாற வேண்டாம்.

ஷீட் போட்ட வீடு. சித்திரை வெயிலுக்கு டிவி தாங்குமா?

பெரும்பாலான டிவி கையேடுகளில் 40 டிகிரி வரை என்று போட்டிருக்கும். அரூர், பென்னாகரம் பக்கம் மே மாதம் வெளியிலேயே அதை நெருங்கும். ஷீட்டுக்குக் கீழே அதற்கும் மேல். சூட்டில் ஓஎல்இடி வேகமாகத் தேயும். ஷீட் வீட்டுக்கு எல்சிடிதான் சரி, அதையும் கூரையிலிருந்து தள்ளிக் கீழே மாட்டுங்கள். ஓசூர், தளி பக்கத்தில் இந்தத் தொல்லை குறைவு.

கரண்ட் பில் ஏறுமா?

55 இன்ச் டிவி ஏறத்தாழ 100 வாட் என்று வைத்துக்கொண்டால், தினம் 5 மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 30 யூனிட். ஓஎல்இடி இருட்டுக் காட்சியில் குறைவாகவும் வெளிச்சக் காட்சியில் அதிகமாகவும் எடுக்கும். இதை வைத்து முடிவெடுக்கும் அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

இடி மின்னல் வந்தால்?

அப்போது சுவர் ஸ்விட்ச் விதியெல்லாம் செல்லாது. பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கோடை மழை முடிந்த மறுநாள் எனக்கு வருகிற போன்களில் பாதி, பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு கேபிள் வயரை விட்டவர்களுடையது. மின்னல் டிஷ் வயர், கேபிள் வயர், இன்டர்நெட் வயர் எல்லாவற்றிலும் வரும். செட்டாப் பாக்ஸ் வழியாக எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு ஏறி மெயின் போர்டையே சுட்டுவிடும். எல்லா வயரையும் கழற்றுங்கள். இதில் ஓஎல்இடி, எல்சிடி வித்தியாசம் இல்லை.

கெட்டுப்போனால் நம் ஊரில் சரி செய்ய முடியுமா?

எல்சிடியில் அடிக்கடி வருவது "சத்தம் வருது, படம் வரல" என்பது. அறையை இருட்டாக்கித் திரையில் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். உள்ளே மங்கலாகப் படம் ஓடுவது தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பின்விளக்குதான் போயிருக்கிறது. எல்இடிகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால் ஒன்று போனாலே மொத்தமும் அணைந்துவிடும். பேனலை மெல்லக் கழற்றி, வெள்ளைத் தாள்களை வரிசை மாறாமல் எடுத்து வைத்து, ஸ்ட்ரிப்பை மாற்றினால் டிவி பிழைத்துக்கொள்ளும். தருமபுரியிலேயே, கிருஷ்ணகிரியிலேயே செய்து தருவார்கள். வாங்கிய முதல் நாளே பேக்லைட்டை 100லிருந்து 60, 70க்கு இறக்கி வைத்தால் இந்த வேலையே பல வருடம் தள்ளிப்போகும்.

ஓஎல்இடியில் பவர் போர்டு, மெயின் போர்டு மாற்றலாம். பேனல் போனால் பேனலைத்தான் மாற்ற வேண்டும், அதற்குக் கேட்கிற விலையில் புது டிவியே வந்துவிடும். எத்தனை வருடம் பேனல் வாரண்டி என்று பில் போடும் முன் கேளுங்கள்.

ஓசூரில் இருக்கிறோம். பெங்களூரில் வாங்கி காரில் கொண்டு வரலாமா?

40 கிலோமீட்டர்தான், விலையும் சில நேரம் குறையும். நிறுவன வாரண்டி பொதுவாக நாடு முழுக்கச் செல்லும். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் சரியாக இருக்க வேண்டும். ஆனால் காரின் பின்சீட்டில் படுக்க வைத்துக் கொண்டு வராதீர்கள். ஓஎல்இடி பேனல் சில மில்லிமீட்டர் தடிமன்தான். படுக்க வைத்தால் ஒவ்வொரு வேகத்தடையிலும் நடுவில் அமுங்கும். அட்டைப்பெட்டியோடு நிமிர்த்திக் கொண்டுவர வண்டி இல்லையென்றால், வீட்டுக்கே டெலிவரி கேளுங்கள். வந்ததும் டிவியை ஓடவிட்டுப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

கடையில் எதைப் பார்த்து முடிவு செய்வது?

கடையில் ஓடுவது கடைக்கென்று செய்த படம். பூ, கிளி, வெளிநாட்டுக் கடல். எல்லாம் நிறத்தையும் வெளிச்சத்தையும் ஏற்றிக் காட்டும் விவிட் மோடில். சினிமா மோடுக்கோ பிலிம்மேக்கர் மோடுக்கோ மாற்றச் சொல்லுங்கள். பென் டிரைவில் நீங்கள் நன்றாக அறிந்த ஒரு படத்தின் இரவுக் காட்சியைக் கொண்டு போங்கள். ஒரு சாதாரண கேபிள் சேனலைப் போடச் சொல்லுங்கள். பிறகு பக்கவாட்டில் நடந்து போய்ப் பாருங்கள். பத்து நிமிடம் போதும். தீபாவளிக் கூட்டத்தில் இதைச் செய்ய விடமாட்டார்கள், அதனால் அதற்கு முந்தைய வாரமே போய்விடுங்கள்.

டீக்கடைக்கு ஒன்று வேண்டும்.

32 அல்லது 43 இன்ச் எல்சிடி. காலை 5 மணியிலிருந்து செய்தி ஓடும், பக்கத்தில் பாய்லர் ஆவி வேறு. ஓஎல்இடி என்று நினைக்கவே வேண்டாம். சலூன், கிளினிக், மண்டி எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

திரையை எப்படித் துடைப்பது?

டிவியை அணைத்து, சூடு ஆறியதும் காய்ந்த மைக்ரோபைபர் துணியால் மெதுவாகத் துடையுங்கள். கியூடி ஓஎல்இடி பூச்சில் சுலபமாகக் கீறல் விழும், அழுத்தக் கூடாது. கைரேகை போகவில்லை என்றால் துணியை லேசாக நனைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயை நேராகத் திரையில் அடிக்க வேண்டாம். அது வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கும், அங்கேதான் பேனலின் இணைப்புகள் இருக்கின்றன. இரண்டு நாளில் திரையில் செங்குத்தாகக் கோடு விழும். அதற்கு வாரண்டியும் கிடைக்காது.